மெதுவா ஓட்டுங்கம்மா

பிப்ரவரி 8, வியாழன்

கப்பலில் எனக்கு வாசலை ஒட்டிய இருக்கை கிடைத்தது. நான் கேட்கவில்லை. மிருதுளாதான், "என் ஃபிரெண்டுக்கு ஒரு கால் இல்லை" என்று துறைமுகத்தில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி இந்தியில் சொல்லி வாங்கிக் கொடுத்தாள். பேன்ட்டும் ஷூவும் போட்டிருந்தேன். அதுவரைக்கும் யாருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு ஹேவ்லாக் தீவு வந்து சேரும்வரை எதிர் வரிசைக் கிழவர் என் ஷூவையே பார்த்துக்கொண்டு வந்தார்.

நாங்கள் மூன்று பேர். பெருந்துறைக் கல்லூரியில் ஒரே அறையில் இருந்தவர்கள். பர்வீன் ஈரோட்டில் ஜவுளிக்கடையில் கணக்குப் பார்க்கிறாள். மிருதுளா கோயம்புத்தூரில் ஒரு விளம்பரக் கம்பெனியில் இருக்கிறாள். லீவு நாட்களில் ஊர் சுற்றி வீடியோ போடுகிறாள். நான் பவானியில் ஒரு வங்கியில். கல்லூரிக் கடைசி வருடமே போட்ட அந்தமான் திட்டம், என் கால் போனதால் மூன்று வருடம் தள்ளிப் போய்விட்டது. இப்போதும் வசதி வந்துவிடவில்லை. அரசுக் கப்பல், மூங்கில் குடிசை, பொதுக் குளியலறை, தோளில் ஒரு பை. அப்படித்தான் வரவேண்டும் என்று அடம்பிடித்ததே நான்தான்.

குடிசைக்கார அம்மாவிடமும் மிருதுளா என் காலைப் பற்றிச் சொல்லிவிட்டாள். அந்த அம்மா பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். உட்காரவில்லை. எல்லோரும் தூங்கப் போனபிறகுதான் உட்கார்ந்தேன்.

பிப்ரவரி 9, வெள்ளி

எலிஃபண்ட் பீச்சுக்குப் படகில் போகலாம். எங்களுக்குக் கட்டுப்படியாகாது. ஒரு வழிகாட்டியோடு காட்டு வழியாக நடந்தோம்.

காட்டுக்குள் ஒன்றும் சிரமமில்லை. வேர்கள் படிபோல இருந்தன. பர்வீன் மூச்சு வாங்கி நின்ற இடங்களில் எல்லாம் நான் நிற்காமல் போனேன். கடற்கரை நெருங்கும்போதுதான் சதுப்பு வந்தது. செயற்கைக் கால் கணுக்கால் வரை சேற்றில் இறங்கிவிட்டது. கணுக்கால் என்று எழுதுகிறேன், வேறு என்ன பெயர் சொல்ல. உண்மைக் கால் என்றால் விரல்களை அசைத்து நெம்பி எடுத்துவிடலாம். இது வராது. ஒரு வேரில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்து இழுத்தேன். சேறு விடும்போது அசிங்கமாகச் சத்தம் போட்டது. நானே சிரித்துவிட்டேன்.

அதற்குள் எங்கள் வழிகாட்டி முதுகைக் காட்டிக் குனிந்து நின்றார்.

"ஏறிக்கடி. நல்ல மனுசன், தூக்கிட்டுப் போறேங்கறாரு" என்றாள் மிருதுளா. அவள் கையில் போன் உயர்ந்திருந்தது.

"போனை உள்ள வை."

"நமக்குள்ள பாத்துக்கத்தான்டி. யாருக்கும் போட மாட்டேன்."

"உள்ள வை மிருது."

வைத்தாள். மீதி சதுப்பை நானே கடந்தேன். கோபத்தில் இருந்தால் எனக்கு நடை நன்றாக வருகிறது. கடற்கரையில் ரொட்டியும் வாழைப்பழமும் தின்றுவிட்டு, காலைக் கழுவித் துடைப்பதிலேயே நேரம் போய்விட்டது. கடலில் இறங்கவில்லை. திரும்பினோம்.

சந்தையில் மீன் சாப்பாடு முடிந்ததும் மிருதுளா ஒரு வாடகை ஸ்கூட்டரோடு வந்து நின்றாள். ராதாநகர் கடற்கரைக்குப் போக. ஒவ்வொருத்தியாகக் கொண்டுபோய் விடுவாளாம். "முதல்ல நீ ஏறு கோகி" என்றாள் என்னிடம்.

நான் பஸ்ஸில் வருகிறேன் என்றேன்.

"பஸ் எப்ப வருமோ, எவ்ளோ கூட்டமோ. ஏறுடி."

"பஸ்ல வர்றேன்."

பர்வீனுக்கு வெயிலில் எரிச்சல். "அவதான் லைசென்ஸ் எடுத்துட்டாளே, அப்புறம் என்ன? நீ ஓட்டி நீ விழுந்ததுக்கு அவ பின்னாடி உக்கார உனக்கு ஏன்டி பயம்?"

மிருதுளா குனிந்து ஹெல்மெட் வாரை மாட்டிக்கொண்டிருந்தாள். மாட்டி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. நான் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தேன். பர்வீன் தலையில் அடித்துக்கொண்டு என்னோடு பஸ்ஸுக்கு வந்தாள். அரிசி மூட்டைகளுக்கு நடுவே நின்றபடி போனோம். ஜன்னல் வழியாகப் பாக்குத் தோப்புகள். யாரும் எனக்கு எழுந்து இடம் கொடுக்கவில்லை. அருமையான பயணம்.

ராதாநகரைப் பற்றி எழுத வேண்டும்.

மணல் மாவுபோல இருந்தது. அதில் இந்தக் காலோடு நடந்தால் மூட்டுக்குள் மணல் போய்விடும், உப்புத் தண்ணீர் பட்டால் கெட்டும் போகும். அதனால் கழற்ற வேண்டும். வெளியிடத்தில், வெளிச்சத்தில், நான் இதுவரை கழற்றியதே இல்லை. வீட்டில்கூடக் கதவைச் சாத்திக்கொண்டுதான். கூட்டம் இல்லாத ஓரமாகப் போய் ஒரு மரத்தடியில் பையை வைத்தோம். நான் இருவரிடமும் சொன்னேன்: "நான் கடலுக்குப் போகப் போறேன். என்னால நடந்து போக முடியாது. எப்படிப் போறேன்னு நீங்க பாக்கக் கூடாது."

பர்வீன் ஒரு வார்த்தை கேட்காமல் இளநீர் தேடி எழுந்து போனாள். மிருதுளா மணலில் படுத்து, துப்பட்டாவை முகத்தில் இழுத்து மூடிக்கொண்டாள். "தூங்கறேன் போ" என்றாள்.

காலைக் கழற்றித் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கைகளை ஊன்றிப் பின்னாலேயே நகர்ந்தேன். குழந்தைகள் படி இறங்குவதுபோல. அரைக்கால் பேன்ட்டுக்குள் மணல் நிறைந்தது. ஒரு வடநாட்டுக் குடும்பம் பார்த்தது. பார்க்கட்டும், என்னை யாரென்று அவர்களுக்குத் தெரியாது. ஈர மணல் வந்தது. முதல் அலை முதுகில் மோதியது. அடுத்தது தூக்கியது.

தண்ணீருக்குள் எனக்கு எதுவும் குறையவில்லை. இடுப்பளவு ஆழத்தில் ஒற்றைக் காலில் நின்றேன். அலை வரும்போது குதித்தேன். இரண்டு கால் இருப்பவர்களும் அப்படித்தான் குதித்துக்கொண்டிருந்தார்கள். காவலர் விசில் ஊதினார், ஆழத்துக்குப் போகாதே என்று. அது எனக்கென்று ஊதியதில்லை, எல்லோருக்கும் ஊதியது. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. ஏதோ பெயர்களாக இருக்கலாம், வெறும் சத்தமாகவும் இருக்கலாம். வாய் நிறைய உப்பு.

திரும்பும்போது கையும் முழங்காலுமாகத் தவழ்ந்தே வந்தேன். வெட்கமாக இல்லை. மிருதுளா துப்பட்டாவுக்குள் அசையாமல் படுத்திருந்தாள். அவளை எழுப்பாமல் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். அவள்மேல் இருந்த கோபத்தை எங்கேயோ தண்ணீரில் விட்டுவிட்டேன் என்று நினைத்தேன்.

பிப்ரவரி 10, சனி

உப்புப் பட்டுத் தோல் சிவந்துவிட்டது. கால் மாட்டவில்லை, நாள் முழுக்கக் குடிசைதான். மிருதுளா வைஃபை இருக்கும் கடைக்குப் போவதும் வருவதுமாக இருந்தாள். சிரித்த முகம். கேட்டால், "சும்மா" என்கிறாள்.

பிப்ரவரி 11, ஞாயிறு

போர்ட் பிளேர். விடுதியின் கீழே ஒரு டீக்கடை, ராமநாதபுரத்துக்காரர் நடத்துகிறார். நான் மட்டும் இறங்கிப் போனேன். டீயைக் கொடுத்துவிட்டு என்னையே பார்த்தார். பிறகு போனைத் தேடி எடுத்து நீட்டினார்.

"இது நீங்கதான?"

மணல். நான். முதுகுப் பக்கமாக நகர்ந்துபோகிறேன். பின்னணியில் வயலின். பிறகு அலையில் கத்துகிறேன், சத்தத்தை எடுத்துவிட்டு அங்கேயும் வயலின் போட்டிருந்தாள். பிறகு தவழ்ந்து வருகிறேன், கேமராவை நோக்கி. கடைசியில் எழுத்து: 'வேகமாக வண்டி ஓட்டி ஒரு காலை இழந்தாள் என் தோழி. தன்னம்பிக்கையை இழக்கவில்லை.'

"அழுதுட்டேன்மா" என்றார் டீக்கடைக்காரர். நல்ல மனிதர். கண் உண்மையிலேயே கலங்கியிருந்தது. இரண்டு பிஸ்கட்டைத் தட்டில் வைத்தார். "எம் மகளும் வண்டி ஓட்டுது. இனிமேலாச்சும் நீங்க மெதுவா ஓட்டுங்கம்மா."

மாடி ஏறினேன். மிருதுளா துணி மடித்துக்கொண்டிருந்தாள். பர்வீன் கட்டிலில்.

"எடு அதை."

எதை என்று அவள் கேட்கவில்லை. "கோகி, நீ கமெண்ட்ஸைப் படிச்சியா? எத்தனை பேரு உன்னப் பாத்துட்டு..."

"தூங்கறேன்னு சொன்ன."

"சொன்னேன். நீ அந்த மாதிரி சிரிச்சு நான் பாத்தே மூணு வருசம் ஆச்சுடி. எடுக்காம இருக்க முடியல. உன்னக் கேவலமாவா காட்டியிருக்கேன்? எவ்ளோ பெருமையாக் காட்டியிருக்கேன்."

"கீழ என்ன எழுதியிருக்க?"

மடித்த துணியை மறுபடி பிரித்தாள்.

"வேகமா வண்டி ஓட்டினது யாரு மிருது?"

"நீதான அப்படிச் சொல்லச் சொன்ன" என்றாள். அழ ஆரம்பித்திருந்தாள். "அன்னைக்கு நீதான சொன்ன."

"போலீஸ்கிட்டச் சொன்னேன். ஊருக்கெல்லாம் சொல்லச் சொன்னேனா? வயலின் போட்டுச் சொல்லச் சொன்னேனா?"

பர்வீன் கட்டிலிலிருந்து எழுந்தாள். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்னடி சொல்றீங்க ரெண்டு பேரும்?"

அதனால் இங்கேயும் எழுதிவிடுகிறேன். வண்டி என்னுடையது. ஓட்டியவள் மிருதுளா. லைசென்ஸ் இல்லை. ராத்திரி டிபன் முடித்து கல்லூரி விடுதிக்குத் திரும்பும்போது ஒரே ஒரு தடவை என்று கெஞ்சினாள், கொடுத்தேன். வளைவில் மணல் கொட்டிக் கிடந்தது. வண்டி சறுக்கியது. அவள் ஓரத்தில் விழுந்தாள். நான் ரோட்டில் விழுந்தேன், பின்னால் லாரி. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா படிப்பை நிறுத்தி வீட்டோட வச்சிருவாரு" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். போலீஸ்காரர் வந்து கேட்டபோது நான்தான் ஓட்டினேன் என்றேன். என் கால் எப்படியும் போய்விட்டது. அவள் படிப்பும் எதற்குப் போக வேண்டும்? அதற்காக நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. இன்று வரை.

பர்வீன் மிருதுளாவின் பையை எடுத்துத் தள்ளிவிட்டு என் பக்கம் வந்து உட்கார்ந்தாள். "அந்த ஸ்கூட்டர்ல ஏறலைன்னு உன்னத் திட்டுனேனே" என்றாள். என்னை எல்லோரும் விட்டுவிட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

மிருதுளா வீடியோவை நீக்கிவிட்டாள். ஆனால் அதை வேறு யார் யாரோ எடுத்துப் போட்டிருக்கிறார்கள்.

பிப்ரவரி 12, திங்கள்

விமானத்தில் மூன்று பேரும் வேறு வேறு வரிசை. மலிவு டிக்கெட்டில் இடம் கேட்க முடியாது. முதல்முறையாக அது வசதியாக இருந்தது.

பிப்ரவரி 14, புதன்

வங்கியில் மேலாளர் கைதட்டினார். கவுன்ட்டருக்கு வந்த ஒரு பெண் என்னோடு செல்ஃபி கேட்டாள். இடைவேளையில் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வாயில் கைக்குட்டையை வைத்துக் கத்தினேன்.

அப்பா பார்த்துவிட்டார். டிப்போவில் யாரோ காட்டியிருக்கிறார்கள். அப்பா டவுன் பஸ் ஓட்டுநர். பவானி–ஈரோடு ரோட்டில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. எனக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுத்தது அவர்தான், கூடுதுறைப் பக்கம் மைதானத்தில், தினமும் ஷிஃப்ட் முடிந்து வந்து. விபத்துக்குப் பிறகு அவர் என்னைத் திட்டியதே இல்லை. சொந்தக்காரர்கள் கேட்டால், "புள்ள வேகமாப் போயிருச்சுங்க. நாஞ் சொல்லிக் குடுத்தது பத்தல" என்று மட்டும் சொல்வார். அப்படி அவர் சொல்லும்போதெல்லாம் நான் எழுந்து உள்ளே போய்விடுவேன்.

இன்றைக்கும் திட்டவில்லை. "கடல்ல நல்லா ஆடுன போல, கண்ணு" என்றார். அதோடு சரி. அந்தக் கடைசி வரியை அவரும் படித்திருப்பார்.

பிப்ரவரி 15, வியாழன்

மிருதுளா மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். அதையும் வீடியோவாகப் போட்டிருக்கிறாள். மேக்கப் இல்லாத முகம், கலைந்த தலை, கண்ணீர். 'என் தோழியைக் கேட்காமல் அவள் வீடியோவைப் போட்டது தவறு.' யார் ஓட்டினார்கள் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. கீழே ஆயிரம் பேர் அவளுக்கு ஆறுதல் சொல்கிறார்கள். 'நீங்கள் நல்ல மனசுக்காரர்' என்கிறார்கள். 'உங்கள் தோழி புரிந்துகொள்ள வேண்டும்' என்கிறார்கள்.

நான் புரிந்துகொள்ள வேண்டுமாம்.

போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள். சொன்னேன்: "எங்கிட்ட மன்னிப்புக் கேக்க வேண்டாம். எங்க வீட்டுக்கு வா. எங்கப்பாகிட்டச் சொல்லு. போன் இல்லாம வா."

"அவரு என்னை என்ன நெனப்பாரு கோகி?"

"மூணு வருசமா என்னை என்ன நெனச்சாரோ, அதை."

பிப்ரவரி 18, ஞாயிறு

வருவாள் என்று நான் நம்பவில்லை. வந்தாள். மத்தியானம், பஸ்ஸில், முகமெல்லாம் புழுதி. அம்மா சந்தோஷமாகக் காபி வைக்கப் போனாள். அப்பா பனியனோடு செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

மிருதுளா உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. "அன்னைக்கு வண்டிய ஓட்டுனது நான்தாங்கப்பா. கோகி இல்ல. எனக்காகப் பொய் சொன்னா." பிறகு வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

அப்பா செய்தித்தாளை மடித்தார். கோபப்படுவார், கத்துவார், வெளியே போ என்பார் என்று காத்திருந்தேன். அதற்குத்தானே வரச் சொன்னேன். அவர் கேட்டது வேறு.

"எந்த பிரேக்கப் புடிச்ச?"

"என்னங்கப்பா?"

"சறுக்குனப்ப. முன்பிரேக்கா, பின்பிரேக்கா?"

மிருதுளா கண்ணை மூடி யோசித்தாள். வலது கையை நீட்டி, விரல்களை மடக்கிப் பார்த்தாள். "முன்னாடியதுங்க. அது மட்டுந்தான் புடிச்சேன்."

"மண்ணு மேல."

"ஆமாங்க."

அப்பா மடித்த செய்தித்தாளை ஓரமாக வைத்தார். "மொத நாளே இவளுக்கு அதத்தான் சொல்லிக் குடுத்தேன்" என்றார். "மண்ணக் கண்டா முன்பிரேக்கத் தொடாதேன்னு. மைதானத்துல மண்ணக் கொட்டி, அதும் மேல ஓட்ட வெச்சுக் காட்டுனேன். இத்தன வருசமா பஸ்ஸுல உக்காந்துட்டு அதையேதான் யோசிப்பேன். அவ்ளோ சொல்லியும் இந்தப் புள்ள எப்படி மறந்துச்சுன்னு. நாந்தான் சரியாச் சொல்லலையோன்னு."

பிறகு என் பக்கம் திரும்பினார். அப்போதுதான் அந்தக் கோபத்தைப் பார்த்தேன். அது என்மேல் இருந்தது.

"நாஞ் சொல்லிக் குடுத்தது பத்தலைன்னு எத்தன பேருகிட்டச் சொல்லியிருப்பேன். நீ பக்கத்துலயேதான இருந்த?"

"சொன்னா நீங்க அவங்க வீட்டுக்குப் போயிருப்பீங்க."

"போயிருப்பேன். போகாமயும் இருந்திருப்பேன். அது என்ற இஷ்டம். நீ யாரு அத முடிவு பண்றதுக்கு?"

மிருதுளாவுக்காக நான் தனியாக முடிவெடுத்தேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அந்த முடிவுக்குள் அப்பாவும் இருந்திருக்கிறார்.

அம்மா காபியைக் கொண்டுவந்து மிருதுளாவின் கையில் கொடுத்தாள். மேஜையில் வைத்துவிட்டுப் போய்விடவில்லை. ஆனால் அம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மிருதுளா சூட்டோடு குடித்துவிட்டுக் கிளம்பினாள். வாசலில் என்னிடம், "இனிமே எங்கிட்டப் பேசுவியா?" என்றாள்.

"தெரியல."

"இந்தக் கதைய வீடியோல சொல்லிரட்டா? உண்மைய?"

"உனக்கு இன்னும் புரியவே இல்லைல்ல?" என்றேன்.

தலையை ஆட்டினாள். புரிந்ததற்கு ஆட்டினாளா, புரியாததற்கா, தெரியவில்லை. பஸ் நிறுத்தம் வரை கூடப் போகவில்லை.

பிப்ரவரி 19, திங்கள்

காலையில் அப்பா என்னோடு பேசாமல் டியூட்டிக்குப் போய்விட்டார். எனக்கும் கோபம். கால் போனது எனக்கு, மணலில் தவழ்ந்ததை ஊரெல்லாம் பார்த்தது என்னை, கடைசியில் திட்டும் எனக்கா?

சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா வந்து அம்மாவிடம் சொன்னாளாம். அவள் கணவரும் அதே டிப்போ. காலையில் அப்பா, கையெழுத்துப் போடும் இடத்தில் எல்லோரும் இருக்கும்போது சத்தமாகச் சொன்னாராம்: "என்ற புள்ள அன்னைக்கு வண்டிய ஓட்டவே இல்லீங்க. என்ற புள்ள மண்ணுல முன்பிரேக் புடிக்காது." கேட்காதவர்களிடமும் போய்ச் சொன்னாராம். பஸ்ஸை எடுப்பதற்கு முன்னால் நடத்துநரிடம், டீக்கடையில், பழக்காரியிடம். ஓட்டியது யார் என்று கேட்டவர்களுக்கு மட்டும் பெயர் சொல்லவில்லையாம்.

அம்மா இதைச் சொல்லிவிட்டுப் போனபிறகு நான் கொஞ்சம் அழுதேன். கோபத்தில்தான்.

அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்தார். கை கால் கழுவினார். முகத்தைத் துடைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார். நேற்றிலிருந்து முதல் பேச்சு.

"அந்தப் புள்ள கோயமுத்தூர் போய்ச் சேந்துச்சா?"

"தெரியாது."

"கேக்கலையா?"

"கேக்க மாட்டேன். எனக்கு அவமேல கோவம்."

"எனக்குந்தான் கோவம். உன்ற மேலயும் இருக்குது, அவ மேலயும் இருக்குது. அது அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றார். "நம்ம வீட்டுல இருந்து பஸ் ஏறுன புள்ள. போய்ச் சேந்துச்சான்னு கேளு."

போனை எடுத்து, 'போய்ச் சேர்ந்தாயா?' என்று அனுப்பினேன்.

'சேர்ந்துட்டேன்' என்று உடனே பதில் வந்தது. அதற்குக் கீழே அவள் இன்னும் ஏதோ எழுதிக்கொண்டிருப்பதாகப் புள்ளிகள் ஓடின.

"சேந்துட்டாளாம்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, போனை அணைத்தேன்.